அலகு விலை

கையுறை ஒரு ஜோடி ஒன்பது காசு என்றார் பஞ்சாட்சரம்.
ஏழரை என்றேன்.
"அடிமாட்டு விலைக்குக் கேக்குறீங்களே" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
ஆண்டுக்கு எத்தனை கைகள் எங்களுக்கு வேண்டும் என்பது
அவருக்கும் தெரியும்.
எட்டில் முடிந்தது.

பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை.
அரசாங்கப் பணம் என்று தனியாக எதுவும் கிடையாது,
அது பேருந்து ஓட்டுநரின் பணம்,
கோழிச்சோறு வாங்கியவர் கட்டிய வரி
என்று முதல் நாள் பயிற்சியில் சொன்னார்கள்.
நம்பினேன். இன்னும் நம்புகிறேன்.
தேக்கா சந்தையில் மட்டும்
முருங்கைக்காய்க்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவேன்.
பேரம் பேசும் நாக்கு
அலுவலக மேசையில், கணினிக்குப் பக்கத்தில் கிடக்கும்.

ஜூலையில் வார்டுக்குப் போனேன்.
தாதி ரொவீனா என் முன்னால் ஒரு கையுறையை மாட்டினாள்.
கட்டை விரலருகே கிழிந்தது.
இன்னொன்றை எடுத்தாள்.
எதுவும் சொல்லவில்லை, வேலை இருந்தது.
எட்டும் எட்டும் பதினாறு.
என் அட்டவணையில்
'கிழிந்தது' என்று ஒரு கட்டம் இல்லை.

பிறகு அந்த இதய மாத்திரை.
பெயரைச் சொல்லக் கூடாது, ஒப்பந்தம்.
நாளுக்கு ஒன்று, ஒன்று ஆறு வெள்ளி பத்துக் காசு.
ஓர் ஆண்டு உயிருக்கு
எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று குழுவிடம் ஓர் எண் உண்டு.
அதையும் சொல்ல மாட்டேன்.
கார் வாங்கும் உரிமைச் சீட்டின் ஏலத் தொகையோடு
ஒரு முறை வைத்துப் பார்த்தேன்.
பிறகு அப்படிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

முடியாது என்று எழுதினேன்.
அவர்களும் முடியாது என்று எழுதினார்கள்,
மிக மரியாதையாக, இரண்டு மொழிகளில்.
பேரத்தில் வெல்பவர்
காத்திருக்கத் தெரிந்தவர்.
எனக்குத் தெரியும். எனக்கு இதயம் நன்றாக இருக்கிறது.

ஒன்பதாம் மாடி ஹஸ்லிண்டா
அதே மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்குகிறாள் என்று
மின்தூக்கியில்தான் தெரியவந்தது.
பையில் மருந்தகத்தின் ரசீது,
முழு விலை.
"சலுகைப் பட்டியல்ல எப்ப வருமாம் லா, ஏதாச்சும் கேள்விப்பட்டியா?"
நான் மருத்துவமனையில் 'ஏதோ ஆபீஸ் வேலை' பார்ப்பவள்.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
என்னிடமே கேட்டு
எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய பதில்.

ஏழு மாதம்.
நான்கு வெள்ளிக்கு இறங்கினார்கள்.
மேலதிகாரி ஹுய் ஷான் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தாள்.
முதல் மாதமே தலையாட்டியிருந்தால்
ஆயிரக்கணக்கானோர், வருடக் கணக்கில்,
அந்த இரண்டு வெள்ளி பத்துக் காசு.
அந்தப் பணத்தில் ஒரு டயாலிசிஸ் நாற்காலி,
இல்லை, பத்து.
கணக்கு சரி. மூன்று பேர் சரிபார்த்தார்கள்.

அன்று இரவு இன்னொரு கணக்கும் போட்டேன்,
யாரும் சரிபார்க்காதது.
ஏழு மாதத்தில் அவள் விழுங்காதவை நூற்றைந்து.
அறுநூற்று நாற்பது வெள்ளி ஐம்பது காசு.
வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா?

ஒன்றாம் தேதி முதல் பட்டியலில் வந்தது.
அதற்கடுத்த வாரம் அதே மின்தூக்கி.
கொஞ்சம் இளைத்திருந்தாள்,
இரண்டு மாடி ஏறினது போல மூச்சு,
நாங்கள் ஏறியதோ கீழ்த்தளத்தில்.
ஒரு டப்பா ஒண்டே ஒண்டே நீட்டினாள்.
"நீதான் யாரிட்டயோ சொல்லியிருக்க, எனக்குத் தெரியும்."
இல்லை என்றேன். அது உண்மை.
ஆமாம் என்றிருந்தாலும் உண்மைதான்.

ஒன்பது வந்தது.
அவள் இறங்கி
கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்,
இன்னும் ஏதோ கேட்க.
மின்தூக்கி பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.